லாட்டோடு நடக்கும் அளவுகோல்: பல கம்பெனிகள் சேர்ந்து புது முறை கொண்டுவரும்போது எதை, எப்படி அளப்பது

திருப்பூருக்குள் வரும் நூல் டி-ஷர்ட்டாகிப் பெட்டியில் ஏறுவதற்குள் நிட்டிங் (பின்னல்), சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தி அமைப்பது), பிரிண்டிங், தையல் என்று ஐந்து வாசலாவது ஏறி இறங்குகிறது. பெரும்பாலும் ஐந்தும் ஐந்து முதலாளிகளுடையவை. ஒவ்வொரு இடத்திலும் நூற்றுக்கு 95 லாட் (ஒன்றாகச் சேர்ந்து நகரும் சரக்குத் தொகுதி) முதல் முறையே சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருமே தங்கள் வேலை நன்றாக நடப்பதாகத்தான் நினைப்பார்கள். ஆனால் 0.95ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்: எங்குமே தட்டாமல் கடைசிவரை வந்து சேர்வது நூற்றுக்கு 77 லாட்தான். மீதி 23 லாட்டின் மறுவேலையும் தாமதமும் சண்டையும் எந்த ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலும் முழுதாகத் தெரியாது.

இப்படிப்பட்ட தொடரில் புத்தாக்க வேலையை ஒருங்கிணைக்கச் சொல்லிப் புதிதாக நியமிக்கப்பட்டவர்களுக்கானது இந்தக் கட்டுரை. நீங்கள் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருக்கலாம், தொழிற்பொறியாளராக இருக்கலாம், சங்க அலுவலகத்தில் வேலை செய்பவராகவும் இருக்கலாம். உதாரணங்கள் பின்னலாடையிலிருந்து வருகின்றன. கோவையின் பம்பு, வார்ப்படத் தொழிலிலும் வேலை இதே வரிசையில்தான் நடக்கும்.

எதைப் புத்தாக்கம் என்று எண்ணுவது

இதை முதல் நாளே முடிவு செய்யாவிட்டால், ஆறு மாதம் கழித்து கூட்டங்களின் எண்ணிக்கையைத்தான் அறிக்கையாக எழுதிக்கொண்டிருப்பீர்கள். புதிதாக வரையறை தேட வேண்டியதில்லை. பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓ.இ.சி.டி.யும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டும் புத்தாக்கத்தை அளக்கச் சேர்ந்து வெளியிடும் ஆஸ்லோ கையேட்டின் நான்காம் பதிப்பு (2018) இரண்டு நிபந்தனை வைக்கிறது. ஒன்று, பொருளோ தொழில்முறையோ அந்த நிறுவனம் முன்பு செய்ததிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு மாறியிருக்க வேண்டும். இரண்டு, அது சந்தைக்கு வந்திருக்க வேண்டும் அல்லது நிறுவனத்தில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். யோசனை, ஒப்பந்தக் கையெழுத்து, மாதிரி ஓட்டம் எதுவும் இதில் சேராது. 2005இல் வந்த மூன்றாம் பதிப்பில் நான்கு வகை இருந்தது. இப்போது பொருள் புத்தாக்கம், தொழில்முறைப் புத்தாக்கம் என்ற இரண்டுதான். திருப்பூரில் பட்டறைகளுக்கு இடையே நடப்பதில் பெரும்பகுதி இரண்டாவது வகை.

பதிவேட்டில் இன்னொரு கட்டமும் போடுங்கள்: யாருக்குப் புதிது? அந்தப் பட்டறைக்கு மட்டுமா, நம் தொடருக்கே புதிதா, ஊருக்கே புதிதா, உலகுக்கா? ஒரு பட்டறையில் பத்து ஆண்டாக நடப்பதை இன்னொரு பட்டறை இன்று தொடங்கினாலும் அது கணக்கில் வரும். ஆனால் இரண்டையும் ஒரே வரிசையில் எழுதிக் கூட்டினால் அந்தக் கூட்டுத்தொகைக்குப் பொருளில்லை.

முறையான கட்டமைப்பு வேண்டுமென்றால் சர்வதேசத் தரநிலைகளில் ஐ.எஸ்.ஓ. 56002 புத்தாக்க மேலாண்மைக்கும், ஐ.எஸ்.ஓ. 56003 புத்தாக்கக் கூட்டாண்மைக்கும் வழிகாட்டும். இரண்டும் 2019இல் வந்தவை. சான்றிதழை நினைத்துத் தொடங்க வேண்டாம். முதல் ஆண்டு முடிந்த பிறகு படித்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

யாரைச் சேர்ப்பது, யார் நடத்துவது

ஐந்து முதல் ஏழு கம்பெனி போதும். ஏற்கெனவே ஒரே ஆர்டரில் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்பவர்களாக இருக்கட்டும். இருபது பேரை அழைத்தால் மூன்றாவது கூட்டத்துக்கு முதலாளிகள் வரமாட்டார்கள், அவர்கள் அனுப்பும் ஆட்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்காது.

ஒருங்கிணைப்பாளர் கொள்முதல் பிரிவிலிருந்து வரக் கூடாது. கூலியைக் குறைத்துப் பேசியவரே மறுநாள் வந்து "உங்கள் குறைகளை மனம் திறந்து சொல்லுங்கள்" என்றால் யார் சொல்வார்கள்? ஆள் கிடைக்காவிட்டால் உற்பத்திப் பிரிவிலிருந்து எடுங்கள்.

அழைப்பு அனுப்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. சேரப்போகும் ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை செய்து தரும்) பட்டறைகளின் நிலுவைப் பில்களைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் பணம் போய்ச் சேர வேண்டும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியின்படி, இந்தக் கெடு தாண்டினால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும். தொண்ணூறு நாள் பாக்கி வைத்திருக்கும் கம்பெனி புத்தாக்கக் கூட்டத்துக்கு அழைத்தால், டீ குடித்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். முதலில் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள்.

இரண்டு சாயப்பட்டறைகளைச் சேர்த்தால் கூடுதல் கவனம் வேண்டும். கூலி விலை, யாருக்கு எந்த வாடிக்கையாளர் என்ற பேச்சு இந்தக் கூட்டத்தில் வரவே கூடாது. போட்டியாளர்கள் விலையைச் சேர்ந்து நிர்ணயிப்பது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் சிக்கும். தொழில்நுட்பம் பேசலாம், குறைகளைப் பேசலாம், விலை கூடாது. இதைக் கூட்டக் குறிப்பின் முதல் வரியாகவே எழுதிவையுங்கள்.

கூட்டம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, 45 நிமிடம், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பட்டறையில், இயந்திரத்துக்குப் பக்கத்தில். நிட்டிங் முதலாளி சாயம் ஓடும் இடத்தில் நின்று பார்க்கும்போதுதான் தன் துணி ரோல் அங்கே என்ன பாடு படுகிறது என்று அவருக்குத் தெரியும்.

முதல் பிரச்சினையை எங்கே தேடுவது

இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் தேடுங்கள். ஒரு சுவருக்குள்ளேயே தீர்க்கக்கூடியதை அந்த முதலாளி ஏற்கெனவே தீர்த்திருப்பார், அல்லது அவரே பார்த்துக்கொள்வார்.

திருப்பூருக்கே இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறினால்தான் பிழைப்பு என்ற நிலை. ஆர்.ஓ.வில் நீரை மீட்டுவிடலாம், மிஞ்சும் உப்புக் கரைசல்தான் தலைவலி. அதை ஆவியாக்க எரிபொருள் செலவு அதிகம். சோடியம் சல்ஃபேட் என்ற உப்பைக் கொண்டு சாயமேற்றி, மிஞ்சும் கரைசலைச் சுத்தப்படுத்திச் சாயத்துக்கே திரும்ப அனுப்பும் வழி அந்த நெருக்கடியில் வேரூன்றியது. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே வகை உப்பைப் பயன்படுத்தினால்தான் கரைசல் திரும்பப் பயன்படும். ஒருவர் மட்டும் விலை குறைவென்று சாதா உப்பைப் போட்டால், குளோரைடு கலந்து எல்லோருடைய கரைசலும் கெடும். எந்தப் பட்டறையும் இதைத் தனியாகச் செய்திருக்க முடியாது, ஒரே பட்டறை நினைத்தாலும் கெடுத்துவிட முடியும். சேர்ந்து செய்ய வேண்டிய பிரச்சினைக்கு இதுதான் அடையாளம்.

முதல் முயற்சிக்கு இவ்வளவு பெரியது வேண்டாம். இந்தக் கட்டுரை முழுக்க ஒரு சின்ன உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: நூல் லாட் கலப்பு. இரண்டு நூல் லாட் கலந்து ஓடினால் சாயம் ஏறும் அளவு மாறித் துணியில் கோடு விழும். அல்லது ரோலுக்கு ரோல் ஷேட் (நிறச் சாயல்) மாறும், தைத்த பிறகு கை ஒரு நிறமாகவும் உடம்பு ஒரு நிறமாகவும் தெரியும். தீர்வு எளிது. நிட்டிங்கில் ஒவ்வொரு ரோலிலும் நூல் லாட் எண்ணை எழுத வேண்டும், சாயப்பட்டறை ஒரே நூல் லாட் ரோல்களைத்தான் ஒரே இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். செலவு நிட்டிங்கில் விழுகிறது. லாபம் சாயப்பட்டறையிலும் தையலிலும் விழுகிறது. பல கம்பெனிகள் சேர்ந்து செய்யும் வேலைகள் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதிலும் சின்னச் சின்ன விஷயங்கள் காலை வாரும். காகிதச் சீட்டு முதல் கழுவலிலேயே கரைந்துபோகும். சாயத்திலும் போகாத மார்க்கரால் ரோலின் இரு முனையிலும் எழுத வேண்டும். அடர் நிறத்தில் எழுத்தே தெரியாது என்பதால், ரோலுக்கு ஓர் அடையாளமாக முனையில் தையல் குறி போடுவது நல்லது. ஒரு முனையில் மட்டும் எழுதினால், ரோலை வெட்டியவுடன் மறுபாதிக்கு அடையாளம் இல்லாமல் போகும்.

ஒப்பந்தம்: இரண்டு பக்கம், ஆனால் இவை இருக்க வேண்டும்

முதலில் டெபிட். முயற்சி லாட் என்று முன்கூட்டியே எழுதப்பட்ட லாட்டில் குறை வந்தால் யார் பேரிலும் டெபிட் நோட் (நஷ்டத்தை அவர் கணக்கில் பிடிக்கும் சீட்டு) போடக் கூடாது. மொத்த நஷ்டத்தை முன்பே பேசிய விகிதத்தில் எல்லோரும் ஏற்க வேண்டும். இதற்கு உச்சவரம்பும் வேண்டும்: மாதத்தின் மொத்த லாட்டில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் முயற்சி லாட் கூடாது என்பது போல. டெபிட் பயம் இருக்கும்வரை சாயப்பட்டறைக்காரர் குறையை மறைப்பார், சாயம் தட்டியதைச் சொல்லாமல் திருத்தி அனுப்புவார். உங்கள் அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால், இந்த வரியைப் போடுங்கள்.

இரண்டாவது, எது ரகசியம். சாய ரெசிப்பி பட்டறையின் சொத்து. யாருக்கும் காட்ட வேண்டாம், விளைவை மட்டும் காட்டினால் போதும்.

மூன்றாவது, கண்டுபிடிப்பு யாருக்கு. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் சம பங்கு உண்டு. ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் தானே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மற்றவர்கள் சம்மதிக்காமல் வெளியாருக்கு உரிமம் கொடுக்கவோ தன் பங்கை விற்கவோ முடியாது. ஐந்து பேர் பெயரில் காப்புரிமை எடுத்து, ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் உரிமம் கொடுக்கும் வழி அடைபட்டுவிடும். "ஒருவர் பெயரில் காப்புரிமை, மற்றவர்களுக்குக் கட்டணமில்லாப் பயன்பாட்டு உரிமை" என்று எழுதுவது நடைமுறைக்கு எளிது. விண்ணப்பம் போடும் முன் புது முறையை வெளியில் விளக்கிக் காட்டினால் புதுமை என்ற தகுதியே போய்விடக்கூடும் என்பதால், சரக்கு வாங்கும் பையரிடமோ கண்காட்சியிலோ விவரம் சொல்லும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

நான்காவது, விலகல். 30 நாள் அறிவிப்பு, அதுவரை கற்றதைத் தன் பட்டறையில் பயன்படுத்தலாம், மற்றவர் தரவை எடுத்துப்போகக் கூடாது.

அளவு லாட்டோடு போக வேண்டும்

கம்பெனி வாரியாக அளந்தால் ஒவ்வொருவரும் தம் எண்ணை அழகாக்கிக்கொள்வார்கள், குறை அடுத்த வாசலுக்கு நகரும். அதனால் ஒவ்வொரு லாட்டுக்கும் ஓர் அட்டை போட்டு, டி.சி.யோடு (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) சேர்த்தே அனுப்புங்கள். காகிதமா க்யூ.ஆர். குறியா என்பது இரண்டாம் பட்சம். அட்டையில் பத்துக் கட்டத்துக்கு மேல் வேண்டாம்: லாட் எண், நூல் லாட், எடை (உள்ளே, வெளியே), வந்த நாள், போன நாள், முதல் முறையே சரியா, இல்லையென்றால் மறுவேலை என்ன, ஷேட் அளவு, ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), குறிப்பு. கட்டம் கூடக்கூட, மாதக் கடைசியில் ஒரே பேனாவில் உட்கார்ந்து நிரப்பிய அட்டைகள்தான் வரும்.

எதையும் மாற்றும் முன் பழைய முறையிலேயே குறைந்தது 30 லாட்டை அளந்துவிடுங்கள். வெளிர் நிறம், நடு நிறம், அடர் நிறம் மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். முதல் மாதம் கறுப்பும் நேவியும் நிறைய ஓடி, அடுத்த மாதம் வெளிர் நிறம் ஓடினால், எந்தப் புது முறையும் இல்லாமலே எண்கள் மாறும். அந்த மாற்றத்துக்கு நீங்கள் மாலை வாங்கிக்கொள்ளக் கூடாது.

அடுத்த பொறி இதைவிட ஆழமானது. மறுசாயம் 8 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததாக வைப்போம். 40 லாட்டில் இது ஏறக்குறைய மூன்று லாட் இரண்டானது என்பதுதான். மூன்றும் இரண்டும் தற்செயலாகவே மாறக்கூடியவை. இந்த வித்தியாசம் உண்மையா என்று "சரி, தவறு" எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல நூற்றுக்கணக்கான லாட் வேண்டும். ஆறு ஏழு பட்டறைக்கு அது பல மாத வேலை. அதனால் ஆரம்பத்தில் தொடர்ச்சியான அளவு ஒன்றைப் பிடியுங்கள். இங்கே அது நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் தரும் டெல்டா ஈ, அதாவது இரண்டு நிறங்களுக்கு இடையிலான வித்தியாசத்தின் எண். ஒரே லாட்டின் ஐந்து ரோலிலிருந்து துண்டு வெட்டி, முதல் ரோலோடு ஒப்பிட்டு, மிகப் பெரிய வித்தியாசத்தை அட்டையில் எழுதுங்கள். சி.எம்.சி. என்ற நிற வித்தியாசச் சூத்திரத்தின் கணக்கில் 1க்குள் இருந்தால் ஏற்பது பரவலான வழக்கம். "ஏற்றார்கள், மறுத்தார்கள்" என்பது ஒரு லாட்டுக்கு ஒரு சொல்தான். 0.4லிருந்து 1.3 வரை நகரும் எண் அதைவிட அதிகம் சொல்லும். முப்பது லாட்டிலேயே போக்குத் தெரிய வாய்ப்பிருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ரோல் குறியும் புதுச் சாயக் கம்பெனியும் ஒரே வாரத்தில் வந்தால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் வந்தது பட்டறையில் வராது

சாயத்தில் எந்த முயற்சியும் மூன்று படியில் ஏறட்டும்: ஆய்வகத் துண்டு, சில கிலோ ஓடும் சாம்பிள் இயந்திரம், பிறகு முழு லாட். காரணம் தண்ணீர் விகிதம். 300 கிலோ துணியை ஒரு கிலோவுக்கு 10 லிட்டர் என்று ஓட்டினால் 3000 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 180 கிலோ உப்பு. அதையே ஒரு கிலோவுக்கு 6 லிட்டராக ஓட்டினால் 1800 லிட்டர், 108 கிலோ உப்பு. 72 கிலோ மிச்சம். சாயப்பட்டறைக்கும் சந்தோஷம், சுத்திகரிப்பு நிலையத்துக்கும் சந்தோஷம். ஆனால் தண்ணீர் குறையும்போது பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் துணியை அதிகமாகப் பற்றும். ஆய்வகத்தில் 1:10இல் போட்ட ரெசிப்பி இயந்திரத்தில் 1:6இல் அடர்ந்து வரும். இதைப் புது முறையின் தோல்வி என்று எழுதிவிடுவார்கள். ஆய்வகமும் அதே விகிதத்தில் ஓட்டியதா என்று முதலில் கேளுங்கள்.

லாபத்தைப் பிரிப்பது

நூல் லாட் உதாரணத்துக்கே வருவோம். 1000 கிலோவுக்குக் கணக்கு. ரூபாய் எல்லாம் கணக்குக்காக வைத்தவை, உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிட்டிங்: 25 கிலோ வீதம் 40 ரோல், ரோலுக்கு மூன்று நிமிடம், மொத்தம் இரண்டு மணி நேரம், 200 ரூபாய். லாட் கலக்காததால் மிஞ்சும் நூல் கோன்களில் 400 ரூபாய் இழப்பு. மொத்தச் செலவு 600.

சாயப்பட்டறை: மறுசாயம் 8லிருந்து 5 சதவீதமானால் 30 கிலோ மிச்சம். கிலோவுக்கு 60 ரூபாய் வீதம் 1800.

தையல்: 4000 உருப்படியில் ஷேட் மாறித் தள்ளுபடியாவது அரை சதவீதம் குறைந்தால் 20 உருப்படி. ஒன்றுக்கு 120 ரூபாய் வீதம் 2400.

வரவு 4200, செலவு 600, நிகரம் 3600. முதலில் செலவு செய்தவருக்கு 600ஐத் திருப்பிக் கொடுங்கள். பிறகு நிகரத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 1200. ஆக நிட்டிங்குக்கு 1800 போக வேண்டும்: சாயப்பட்டறையிலிருந்து 600, தையல் கம்பெனியிலிருந்து 1200. நிட்டிங் கூலியில் கிலோவுக்கு 1 ரூபாய் 80 காசு. சமமாகத்தான் பிரிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் விகிதம் முயற்சிக்கு முன் எழுதப்பட்டிருக்க வேண்டும். லாபம் கண்ணில் பட்ட பிறகு பேச உட்கார்ந்தால் பலம் உள்ளவர் எடுத்துக்கொள்வார், அடுத்த முயற்சிக்கு நிட்டிங்காரர் வரமாட்டார். இந்தத் தொகையைத் தனி வரியாகப் பில்லில் காட்டுங்கள். கூலியோடு கரைத்துவிட்டால் அடுத்த பேரத்தில் காணாமல் போகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம்

முதலாளிகளிடம் நான்கு எண்ணும் ஒரு பட்டியலும் கொடுத்தால் போதும். தொடர் முழுக்க முதல் முறையே சரியாக வந்த லாட்டின் விழுக்காடு. நூல் நுழைந்த நாளிலிருந்து பெட்டி கட்டிய நாள்வரை லாட் எடுத்த நாட்களின் நடு மதிப்பு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண் (சராசரி வேண்டாம், ஒரு லாட் சிக்கிக்கொண்டால் சராசரி திசை மாறிவிடும்). ஒரு யோசனை கூட்டத்தில் வந்ததிலிருந்து "ஏற்போம்" அல்லது "நிறுத்துவோம்" என்று முடிவாக எடுத்த நாட்கள். பரவல்: முதல் பட்டறையில் நிலைத்த புது முறை, பொருந்தக்கூடிய மற்ற பட்டறைகளில் எத்தனையில் நடக்கிறது.

பரவலுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். ஒரு பட்டறையில் முடங்கிய புது முறை அந்தப் பட்டறையின் சாமர்த்தியம். இரண்டாவது, மூன்றாவது இடத்துக்குப் போனால்தான் கூட்டமைப்பு என்று ஒன்று இருப்பதற்குப் பொருள். முறை நிலைத்ததா என்று பார்க்க 90 நாள் கழித்து அறிவிக்காமல் போய் ஐந்து ரோலைப் புரட்டுங்கள். இரு முனையிலும் எண் இருந்தால் நிலைத்தது என்று எழுதலாம். மூன்று ரோலில்தான் இருக்கிறதென்றால் பதிவேட்டில் "நடைமுறையில்" என்றிருப்பதை அடித்துவிட்டு "முயற்சியில்" என்று மாற்றுங்கள்.

பட்டியல் என்பது நிறுத்திய முயற்சிகளுடையது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: என்ன செய்தோம், ஏன் நிறுத்தினோம். ஆட்கள் மாறும் தொழில் இது. சாய மாஸ்டர் வேறு பட்டறைக்குப் போனதும், இரண்டு ஆண்டு முன்பு தோற்ற அதே முயற்சியை அதே செலவில் இன்னொருவர் தொடங்குவார். காரணத்தில் "ஒத்துவரவில்லை" என்று எழுத விடாதீர்கள். "1:6இல் ஓட்டியபோது அடர் சிவப்பில் ரோலுக்குள் ஷேட் 1.4 வரை மாறியது, பம்பு வேகம் போதவில்லை" என்று எழுதினால், அடுத்த ஆண்டு பம்பை மாற்றியவர் மறுபடி முயன்று பார்க்க முடியும்.